எங்க தேரி மண்ணைத் தோண்ட எங்களைக் கேக்க மாட்டீங்களோ?

சாத்தான்குளத்து அண்ணாச்சிகளே, அக்கா தங்கச்சிகளே, தேரிக்காட்டுச் சொந்தங்களே!

'தேரி' என்பது நம்ம ஊர்ச் சொல். சாத்தான்குளம், குதிரைமொழி, காயாமொழி என்று செக்கச் செவேலென விரிந்து கிடக்கும் மணல்மேட்டுக்கு நம்ம பாட்டன் பூட்டன் வைத்த பெயர். அந்தச் சொல் டெல்லியில் இருக்கும் சட்டப் புத்தகத்திலும் இருக்கு, தெரியுமா? 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்க. முதல் அட்டவணை, அணுக் கனிமங்கள் பகுதி. தேரியிலும் கடற்கரை மணலிலும் கிடைக்கும் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், சிர்கான், மோனசைட் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமக்குத் தேரி என்றால் பனை, பதநீர், கருப்பட்டி, கொல்லாமரம். பெய்யுற மழையை உறிஞ்சி வைத்துக் கிணற்றுக்கு ஊற்றாக விடும் மண். கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டு முடிந்ததும் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிற மண். அவர்களுக்கு அது அட்டவணையில் ஒரு வரி.

சரி, இத்தனை வருஷமா சட்டத்தில் இருந்ததை இப்ப ஏன் பேசணும்?

2025 செப்டம்பர் 8-ஆம் தேதி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் என்று வரும் சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. திட்டம் சின்னதோ பெருசோ, எல்லாவற்றையும் டெல்லியிலேயே பார்த்து முடிவு செய்துகொள்வார்களாம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் சும்மா பந்தல் போட்டு டீ கொடுக்கிற கூட்டம்னு நினைச்சிடாதீங்க. 2006 அறிவிக்கைப்படி 30 நாளுக்கு முன்னாடியே விளம்பரம் கொடுக்கணும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்கணும். முழுக்க வீடியோ எடுக்கணும். பனையேறும் தாத்தாவும் முருங்கைத் தோட்டத்து அக்காவும் மைக் பிடித்துச் சொல்வது குறிப்பில் ஏறணும். நாளைக்கு நீதிமன்றம் போனால் அந்தக் குறிப்புதான் கையில் இருக்கும் ஆயுதம். அதைத்தான் ஒரு குறிப்பாணையில் பிடுங்கியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் மசோதா உண்டா? விவாதம் உண்டா? ஒண்ணும் கிடையாது.

ஏன் இந்த அவசரம்? குமரி மாவட்டத்தைப் பாருங்க. கன்னியாகுமரி கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கிளம்பியது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி கருத்துக் கேட்பு. கடலோர ஊர்கள் கொதித்து எழுந்தன, கூட்டம் தள்ளிப்போனது. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள, கூட்டமே வேண்டாம் என்று ஆணை வருது. கேள்வி பிடிக்கவில்லை என்றால் கேட்கிற இடத்தையே இழுத்து மூடுவது என்ன நியாயம்?

இதில் 'நாட்டுப் பாதுகாப்பு' என்று ஒரு பூச்சாண்டி. மணல் அள்ளுவதில் என்னய்யா ராணுவ ரகசியம்?

இன்னொரு பக்கம் 'பசுமை ஆற்றல்' என்று சொல்கிறார்கள். காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் காந்தம் வேணும், காந்தத்துக்கு அரிய மண் வேணும், அது மோனசைட்டில் இருக்கிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பசுமை ஆற்றலைப் பற்றித் தூத்துக்குடிக்காரனுக்கு பாஜக வகுப்பெடுக்க வேண்டாம். 1986-லேயே முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை சுழன்ற மாவட்டம் இது. வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையை 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்ததும் இதே மாவட்டத்தில்தான். காற்றும் வெயிலும் நாங்க தாரோம். அதுக்காக, சொல்லாமக் கொள்ளாமக் காலடி மண்ணையும் எடுப்பேன் என்றால் எப்படி?

'உங்க எம்.பி. டெல்லியில் பேசி என்ன கிழிச்சாங்க?' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டு திரிகிறது. பதில் சொல்வோம்.

கிளாஸ்கோ மாநாட்டில் 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று பிரதமர் அறிவித்து வந்த அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், மக்களவையில் விதி 193-இன் கீழ் காலநிலை மாற்றம் குறித்த விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் நம் கனிமொழி கருணாநிதி எம்.பி. வெளிநாட்டு மேடையில் கொடுத்த வாக்குறுதிக்கு உள்நாட்டு அவையில் கணக்குக் கேட்கணும் இல்லையா? அதுதான் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆள் அனுப்புவதன் அர்த்தம்.

2023 மழைக்காலக் கூட்டத்தொடரை நினைச்சுப் பாருங்க. மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. பிரதமர் அவைக்கு வந்து பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்தன. ஜூலை 29, 30 தேதிகளில் இந்தியா கூட்டணிக் குழுவோடு மணிப்பூர் முகாம்களில் நின்றார் கனிமொழி. அதே பத்து நாளில் அந்தக் கூச்சலுக்கு நடுவே என்னென்ன நிறைவேறியது? வனப் பாதுகாப்புத் திருத்தம். பல்லுயிர்ச் சட்டத் திருத்தம். முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலத்திடமிருந்து பறித்த கனிமச் சட்டத் திருத்தம். கடலடிக் கனிமங்களை ஏலம் விட வழி திறந்த இன்னொரு திருத்தம். கனிமச் சட்டத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவுக் கை தூக்கியது யாரு? அ.தி.மு.க.!

அந்தத் திருத்தத்தின் முதல் அடி மதுரை அரிட்டாபட்டியில் விழுந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலத்தையும் சேர்த்து டங்ஸ்டன் ஏலம். எடுத்தது யார் தெரியுமா? இந்துஸ்தான் ஜிங்க், அதாவது வேதாந்தா குழுமம். ஸ்டெர்லைட்டின் அதே முதலாளி! 2018 மே மாதத்தில் 13 உயிரை விதைத்த ஊருக்கு இந்தப் பெயரைத் தனியாகச் சொல்லித் தர வேண்டுமா? சட்டமன்றம் 2024 டிசம்பர் 9-இல் தீர்மானம் போட்டது, மக்கள் வீதிக்கு வந்தார்கள், ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. ஊர் வாய் திறந்ததால் நின்றது. செப்டம்பர் குறிப்பாணை அந்த வாயைத்தான் குறிவைக்கிறது.

'உடன்குடியில் நிலக்கரி ஆலை கட்டுறீங்களே, நீங்க பேசலாமா?' என்பார்கள். ஆடிக் காற்று ஐப்பசியில் அடங்கிவிடும், ராத்திரி வெயில் அடிக்காது, விளக்கு எரியணும். அந்த ஆலையின் இறங்குதளத்தை எதிர்த்து மீனவர்கள் போராடவும் செய்தார்கள், அது அவர்கள் உரிமை. அந்த உரிமை தேரிக்காட்டுக்காரனுக்கும் வேணும் என்றுதான் சொல்கிறோம். 2007-இல் இதே சாத்தான்குளம் பகுதியில் டாடாவின் டைட்டானியம் திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, தலைவர் கலைஞர் அதை நிறுத்திவைத்தார். மக்கள் பேச முடிந்தது, அரசு காதுகொடுத்தது.

நாளைக்கே இயந்திரத்தோடு வந்துவிடுவார்கள் என்று பயங்காட்ட வரவில்லை. கண்காணிப்பு இருந்த காலத்திலேயே தென்மாவட்டக் கடற்கரையில் தாது மணல் எப்படிப் போனது என்று உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 5,832 கோடி ரூபாயை வசூலிக்க வேண்டும், சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கேட்க ஆள் இருந்தபோதே இந்த லட்சணம். கேட்கவே கூடாது என்றால்?

குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லி 2025 அக்டோபரில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டார். டெல்லியில் நம் எம்.பி.க்கள் இருக்கிறார்கள். ஊரில் நம்ம வேலை பாக்கி இருக்கு.

வரும் ஜனவரி 26 கிராம சபைக்கு எல்லாரும் வாங்க. கருப்பட்டிக் காபியைக் குடிச்சிட்டு நேரத்தோடயே வந்துடுங்க, பெண்கள் முன்வரிசையில் உட்காருங்க. 'எங்கள் ஊர் எல்லையில் எந்தக் கனிமத் திட்டம் வந்தாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2025 செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்க. நகலைப் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்க.

#தேரி_எங்கள்_மண்
#எங்களைக்_கேளுங்கள்