மனுவைத் தள்ளினா காரணத்தைத் தமிழ்ல சொல்லு!

தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது, தோழர்களே. இன்னைக்கும் சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிச்ச ஒரு அம்மாவோட போனுக்கு நகராட்சியிலிருந்து வர்ற பதில்: "ரிஜெக்டட். டாக்குமெண்ட் நாட் லெஜிபிள்."

ஸ்கேன் பண்ணின பத்திரம் தெளிவா இல்ல. விஷயம் அவ்வளவுதான்! தமிழ்ல ஒரு வரி எழுதியிருந்தா மறுநாளே அவங்க சரியா கொடுத்திருப்பாங்க. புரியாததால பிரவுசிங் சென்டர், அங்கிருந்து புரோக்கர். மூணு நாள் கூலியும் போச்சு. புரோக்கருக்கு மூலதனமே இந்த இங்கிலீஷ்தான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநகரம் 2017-ல் சட்டம் போட்டு, முக்கியமான படிவங்களை ஆங்கிலம் தவிர 10 மொழிகளில் தரச் சொல்லியிருக்கு. அதுல வங்காளமும் உருதும் உண்டு. குடியேறி வந்தவங்களுக்கே அந்த மரியாதை. சொந்த ஊர்ல வரி கட்டுறவங்களுக்கு இங்கே என்ன?

"அலுவலகப் பலகை தமிழ்லதானே இருக்கு"ன்னு சொல்லாதீங்க சார். பலகையைப் படிச்சா பெயர் மாறிடுமா?

குறுஞ்செய்தி, நிராகரிப்புக் காரணம், இணையப் படிவம், எல்லாம் தமிழில் வரணும். குறையைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிற உரிமை அரசியலமைப்பின் 350-வது பிரிவில் இருக்கு. இப்படி இங்கிலீஷ் பதில் வந்தவங்க போனோட நம்ம வார்டு அலுவலகத்துக்கு வாங்க. சேர்ந்தே ஆணையர் அறைக்குப் போவோம்.

#காரணத்தைத்_தமிழில்_சொல்