காலைப் பட்டினி கூடாது!

கல்லூரி மாணவர்கள் பலர் காலையில் சாப்பிடுவதில்லை. ஒரு டீ, ஒரு பன். அதோடு வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

கேட்டால், "பஸ் போய்விடும்" என்கிறார்கள். விடுதி மாணவர்களோ, "தினமும் அதே உப்புமாதான்" என்கிறார்கள்.

இது சிறிய விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு இதைச் சொல்கிறது. கல்லூரிப் பெண்களும் இந்த வயதுக்காரர்களே. ரத்தசோகை இருந்தால் உடல் சோரும், தலை சுற்றும், படிப்பில் மனம் நிற்காது. பட்டினி கிடந்தால் சத்து எப்படிச் சேரும்?

சத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, சுண்டல் போதும். கூடவே ஒரு நெல்லிக்காய் தின்றால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது குறையும்.

2022ல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்தால் பாடம் ஏறாது என்பதுதான் காரணம். பதினெட்டு வயதில் மட்டும் பசிக்காதா? கல்லூரிகளும் காலை எட்டு மணிக்குக் குறைந்த விலையில் கூழும் சுண்டலும் கொடுக்கட்டும்.

பெற்றோர்களே! "எவ்வளவு மார்க்?" என்று கேட்கும் முன், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.