என்900: பழுதும் பராமரிப்பும்

2009 நவம்பரில் நோக்கியா விற்பனைக்குக் கொண்டுவந்த என்900 கைபேசியை இன்றும் விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 600 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ராம், நகர்த்தினால் வெளிவரும் விசைப்பலகை, உள்ளே டெபியன் வழிவந்த மேமோ லினக்ஸ்.

அதன் பெரிய பலவீனம் சார்ஜ் போடும் மைக்ரோ யூஎஸ்பி வாய். போர்டின் மேற்பரப்பில் மட்டும் ஈயப்பற்று வைத்துப் பொருத்தப்பட்டதால், அழுத்திச் செருகிப் பிடுங்கினால் பெயர்ந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அது நன்றாக இருக்கும்போதே சுற்றிலும் எபாக்சி பசை வைத்து இறுக்கிவிடுகிறார்கள். பெயரும்போது செப்புத் தடமும் உரிந்துவிட்டால், மெல்லிய கம்பி இழுத்துப் பற்றவைப்பதற்கு நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். பேட்டரிக்கு அந்தப் பாடில்லை. பின்மூடியைக் கழற்றினால் கையோடு வருகிறது. அதே பிஎல்-5ஜே பேட்டரி நோக்கியாவின் லூமியா 520-இலும் பயன்பட்டது.

நோக்கியா கைகழுவிய மென்பொருள் பணியைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேமோ லெஸ்தே, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆகிய இரு இயங்குதளங்களும் இந்தக் கைபேசியில் புதிய கெர்னலோடு இயங்குகின்றன. கெர்னலின் மூல நிரல் திறந்திருந்ததன் பலன் இது. ஆனால் கிராபிக்ஸ் சில்லின் ட்ரைவரில் முக்கியப் பகுதி மூடிய நிரல்; அதைப் புதிய கெர்னலோடு இணங்கவைப்பதிலேயே அவர்களின் உழைப்பு கரைகிறது. பழுதுபார்க்கும் உரிமைச் சட்டங்கள் உதிரிபாகத்தோடு நிற்காமல், விற்பனை நிறுத்தப்பட்ட கருவியின் ட்ரைவர் நிரலையும் வெளியிடச் சொல்ல வேண்டும்.

அலைவரிசைக்கோ மாற்றுவழியே இல்லை. என்900-இல் 4ஜி கிடையாது; 3ஜியை அணைத்துவிட்ட நாடுகளில் 2ஜி மிஞ்சியிருந்தால்தான் அதில் அழைக்க முடியும்.