வரைபடத்திற்கும் இலக்கணம் வேண்டும்

‘செம்பொன்பதின்றொடி’ என்னுந் தொடரைச் செம்பொன் பதின்றொடி எனவும், செம்பு ஒன்பதின்றொடி எனவும் பிரிக்கலாமென்பதை இலக்கணம் பயின்ற நம் மாணவர் அறிவர். பொன்னை எண்ணிக் கேட்டவன் செம்பைப் பெறுதலுங் கூடும். மென்பொருள் வல்லார் வரையும் படங்களிலும் இத்தகைய இருபொருள் உண்டென்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

புளோரைடு மிக்க நிலத்தடி நீரால் வருந்திய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கட்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் வழங்குங் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பெற்றது. இத்தகைய திட்டமொன்றின் நீரேற்றும் பொறியை ஆளும் மென்பொருளுக்கு நிலைப்படம் ஒன்று வரைவதாகக் கொள்வோம். ‘இயக்கம்’ என்னும் பெருநிலையினுள் ‘தொடக்கம்’ என்பது ஓர் உள்நிலை. மின்னழுத்தங் குறைந்தால் ‘நிறுத்துக’ என்பது பெருநிலையின் ஆணை. ‘சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்க’ என்பது உள்நிலையின் ஆணை. பொறி தொடங்குந் தறுவாயில் மின்னழுத்தங் குறையின் எவ்வாணை செல்லும்? டேவிட் ஹாரெல் வகுத்து 1987-இல் வெளியிட்ட நிலைப்பட முறையைக் கையாளும் ஸ்டேட்மேட் கருவியில் வெளிநிலையின் ஆணையே செல்லும். 1997-இல் பொது நியமமாக ஏற்கப்பெற்ற யூ.எம்.எல். மொழியிலோ உள்நிலையின் ஆணை செல்லும். படம் ஒன்றே, ஆயினும் ஒன்றிற் பொறி நிற்கும், மற்றொன்றில் மீண்டும் மீண்டும் முயன்று மோட்டாரின் சுருள் கருகினுங் கருகும்.

ஆதலின் படத்தின் ஒவ்வொரு குறியும் எந்நிலையில் யாது செய்யுமென்பதைக் கணித முறையால் வரையறுத்தல் இன்றியமையாதது. அவ்வரையறை இருப்பின், பொறியை அமைக்குமுன்னரே கணினியிற் படத்தை இயக்கிப் பார்க்கலாம். இயக்கிப் பார்த்தல் சில வழிகளையே காட்டும். எல்லா வழிகளையும் ஆராய்ந்து ‘இத்தீங்கு நேராது’ என நிறுவுதற்கும் அவ்வரையறையே அடிப்படை.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தைச் சார்ந்த மாதவன் முகுந்த், நாராயண் குமார் ஆகியோரும், பி. எஸ். தியாகராஜனும், பிறரும் செய்தி வரிசைப்படங்களை இம்முறையால் ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எத்தகைய படத்தொகுதிகளை, அளவுபட்ட நிலைகளையுடைய பொறிகள் தம்முட் செய்தி பரிமாறி நிறைவேற்றவல்லன என்பதை அது தெளிவாக்குகின்றது.

‘படம் உரையாடுதற்கன்றோ? இத்துணைக் கட்டுப்பாடு எற்றுக்கு?’ என்பாருமுளர். கரும்பலகையில் வரைந்து அழிக்கும் படத்திற்கு அவர் கூற்றுப் பொருந்தும். இரு மாவட்டத்தாரின் குடிநீர் ஒரு படத்தைச் சார்ந்து நிற்குங்கால் அது பொருந்தாது. கணினி பயிலும் நம் மாணவர், படம் வரையக் கற்கும்பொழுதே ‘இதன் பொருள் எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது?’ என வினவவுங் கற்பாராக.