தேர் செய்த கைக்கு என்ன கூலி?

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலையில் தேரோட்டம். வடம் பிடிப்பது உழைப்பாளி மக்கள். மரத்தில் யாளி செதுக்கியவரும் உழைப்பாளியே. சீரமைத்த பெரிய தேர் 2024 நவம்பரில் வெள்ளோட்டம் கண்டது. உளி பிடித்தவர் பெயரை யார் கேட்டார்?

பக்கத்துக் கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்கிறோம். ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது சரக்கின் பெயரை; செதுக்குபவரின் கூலியை அல்ல. பெயரால் விலை ஏறும்; கூலி தானாக ஏறாது. மில்லிலும் வயலிலும் நாம் கண்ட கதைதானே இது!

நாம் கேட்பது இரண்டு: கோயில் வேலையை இடைத்தரகர் இன்றிச் சிற்பிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கே கொடு! கூலியை முன்கூட்டியே நிர்ணயம் செய்!

ஊர் கூடினால்தான் தேர் நகரும். தோழர்களே, இந்த வடத்தையும் சேர்ந்தே பிடிப்போம்!