முன்சக்கரம் ஏன் அலைகிறது?

கல்பாக்கம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடற்காற்று குறுக்கே வீசும். பின்னால் எஞ்சின் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது சோதனை. பாரம் பின்னே இருப்பதால் முன்பக்கம் இலேசாகிறது, ஸ்டியரிங் அலைகிறது.

புகழ்பெற்ற போர்ஷே 911 காரிலேயே இந்தக் குறை இருந்தது. முதலில் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 1969-ஆம் ஆண்டு மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னே தள்ளிப் பாரத்தைச் சீர்செய்தார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் எஞ்சின் மீது போடலாமா? கூடாது. முதலில் டயரின் காற்றைப் பாருங்கள். இவ்வகைக் கார்களில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு. அடுத்து டயரின் தேய்மானம். பிறகு பால் ஜாயிண்ட், டை ராட். தளர்ந்ததை மாற்றிய பிறகே வீல் அலைன்மென்ட்.

வரிசை மாறினால் பணம் வீண். பாராமலே பறந்தால் உயிரே வீண்! சாலை பந்தயத் திடல் அன்று. எதிரே வருபவருக்கும் குடும்பம் உண்டு.