வெயிலை அறிந்து கட்டிய வீடு

அகமதாபாத் நகரில் கோடை கடுமையானது. மே மாதத்தில் அங்கு வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது ஏறத்தாழ 47 பாகையைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைக் காட்டிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக உயிரிழந்தனர் என்று ஆய்வாளர்கள் பின்னர்க் கணக்கிட்டனர். அத்தகைய ஊரில் வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டுமன்று. வெயிலிடமிருந்து உயிரைக் காக்கும் அரணும் ஆகும்.

அந்நகரில் 1950-களில் புகழ்மிக்க இல்லங்கள் இரண்டு எழுந்தன. இரண்டையும் வடிவமைத்தவர் லெ கார்புசியே. சாராபாய் இல்லம் காற்று வரும் திசை நோக்கி அமைக்கப்பட்டது. அதன் வளைவுக் கூரைகளின்மேல் மண் பரப்பிப் புல் வளர்த்தனர். ஷோதன் இல்லத்தின்மீதோ, குடை விரித்தாற்போல ஒரு தனிக்கூரை நிற்கிறது. கட்டடக் கலை பயிலும் மாணவர்கள் இவற்றைப் போற்றிப் படிக்கின்றனர், படிக்க வேண்டியவையே. எனினும் இவை செல்வர்களின் இல்லங்கள். பரந்த நிலமும் மர நிழலும் உடையவர்க்கு வெயிலைத் தடுக்கப் பல வழிகள் உண்டு. பன்னிரண்டு அடி அகல மனையில் வாழ வேண்டியவர்க்கு என்ன வழி?

இவ்வினாவுக்கு அதே நகரில் விடை கண்டவர் சார்லஸ் கொரியா. குறைந்த வருவாய் உடையோருக்கான வீட்டுத் திட்டத்துக்குக் குஜராத் வீட்டுவசதி வாரியம் நடத்திய போட்டியில் அவரது வடிவமைப்பு முதற்பரிசு பெற்றது. 1960-களின் தொடக்கத்தில் அது மாதிரி வீடாகக் கட்டப்பட்டது. அதற்குக் ‘குழாய் வீடு’ என்று பெயர்.

அதன் அகலம் ஏறத்தாழ 12 அடி. நீளம் 60 அடி. வீடுகள் பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பதால் நீண்ட சுவர்களில் வெயில் படுவதில்லை. குறுகிய முனைகள் மட்டுமே வெளியை நோக்கும். கூரை இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கிச் சாய்வாக உயர்கிறது. சூடான காற்று இலேசானது. ஆகவே அது அச்சாய்வின் வழியே மேலேறி, உச்சியிலுள்ள திறப்பால் வெளியேறும். அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வாயிற்புறத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். வரும் காற்றின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வாயிலருகே திருப்பத்தக்க பலகைகள் உண்டு. உட்கதவுகள் அநேகமாக இல்லை. தளங்களின் உயர வேறுபாடே அறைகளைப் பிரிப்பதால், காற்று தடையின்றி வீடு முழுவதும் உலவியது. நடுவே ஒரு சிறு முற்றமும் இருந்தது. மின்சாரம் ஏதும் செலவாகாமல் இத்தனையும் நடந்தன.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. அகமதாபாத்தின் பழைய ‘போள்’ தெருக்களில் நூற்றாண்டுகளாகவே குறுகி நீண்ட வீடுகளும் முற்றங்களும் இருந்து வருகின்றன. கொரியா அந்த அறிவை மதித்து, காலத்துக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தார். அதில் குறை காண ஒன்றுமில்லை.

சிலர் வேறு இரு மறுப்புகளைக் கூறுவர். முதலாவது, நகரில் நிலம் அரிது. அடுக்குமாடிதான் கட்ட வேண்டும் என்பது. அப்போட்டியிலும் மாடிக் குடியிருப்புகளே எதிர்பார்க்கப்பட்டன. ஆயினும், அதே நிலப்பரப்பில் அதே எண்ணிக்கைக் குடும்பங்களை வரிசை வீடுகளிலும் குடியமர்த்தலாம் என்று கொரியாவின் வரைபடம் காட்டியது. இன்றைய உயர்ந்த அடுக்ககங்களுக்கு இது பொருந்தாது என்பது மெய்தான். ஆனால் சிறு நகரங்களிலும் புறநகர்களிலும் இன்றும் தனி வீடுகளே மிகுதி.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நண்பகலில் வெளிக்காற்றே அனலாக வீசும்போது எந்தத் திறப்பும் அதனைக் குளிராக்கித் தராது. உண்மை. அவ்வேளையில் பலகைகளை மூடி, இரவில் திறக்க வேண்டும். கடும் வெப்ப அலையின்போது முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் குளிரூட்டி தேவைப்படவும் கூடும். எனினும், குளிரூட்டி ஓர் அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. அதை வாங்க இயலாத அண்டை வீட்டார் அவ்வெப்பத்தையும் சேர்த்துச் சுமக்கின்றனர். வீட்டை முதலில் வெயிலுக்கு ஏற்பக் கட்டிவிட்டு, எஞ்சிய குறைக்குக் கருவியை நாடுவதே முறை. இன்று நடப்பதோ தலைகீழ்: மேற்கு நோக்கிய கண்ணாடிச் சன்னல், தாழ்ந்த காங்கிரீட்டுக் கூரை, பிறகு மாதந்தோறும் மின்கட்டணம்.

குழாய் வீடு 1995-இல் இடிக்கப்பட்டது. லெ கார்புசியேயின் இரு இல்லங்களும் நிற்கின்றன. இடிந்த வீட்டை மீண்டும் எழுப்ப வேண்டும் என்பதன்று இங்கே கோரிக்கை. அரசு கட்டித் தரும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் கழிவுநீர் செல்லும் வழி குறிக்கப்படுகிறது. சூடான காற்று வெளியேறும் வழியையும் அவ்வாறே குறிக்கச் செய்து, அது இல்லாத வரைபடத்துக்கு ஒப்புதல் மறுக்க வேண்டும்.